ஜாருக்கு இருந்த கிராக்கி

2009-இல் விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் சூளை வைத்திருந்தேன். பொம்மை செய்து ஒழுங்காகப் பிழைத்தவனுக்கு, ஆன்லைனில் விற்கும் ஆசை வந்தது. எந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் இணையத்தில் தேடுகிறார்கள் என்று பார்க்க, பிரவுசிங் சென்டரில் கற்றுக்கொண்டேன்.

ஊறுகாய் ஜாடியை நினைத்து, ஆங்கிலத்தில் ‘ஜார்’ என்று அடித்தேன். லட்சக்கணக்கில் காட்டியது. நாடே ஜாடியில்லாமல் தவிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

“இவ்ளோ பேரு ஊறுகாயா போடுறாங்க?” என்றாள் மனைவி அம்சவல்லி.

“உனக்குக் கம்ப்யூட்டர் புரியாது,” என்றேன், எனக்கு என்னவோ புரிந்தது போல.

ஐந்நூறு ஜாடி சுட்டு, படம் பிடித்து இணையத்தில் போட்டேன். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு மெயில் வந்தது: ‘சார், இந்த ஜார் என் செல்போனில் ஓடுமா?’

‘ஓடாதுங்க. வச்ச இடத்துல நிக்கும். ரெண்டு கிலோ ஊறுகாய் புடிக்கும்’ என்று பதில் எழுதினேன். சென்டர் நடத்தும் கனிமொழி அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள்.

“அண்ணே, செல்போன் கேம் ஃபைலுக்குப் பேரு ஜாரு. அதத்தான் எல்லாரும் தேடுறாங்க.”

வீட்டில் சொன்னேன். அம்சவல்லி சிரிக்கவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. மறுநாள் ஒரு ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினாள். கடை கடையாக ஏறி இறங்கி, அறுபது ஜாடிக்கு ஆர்டர் வாங்கி வந்தாள். இப்படியே ஊர் ஊராகப் போய், மூன்றே மாதத்தில் ஐந்நூறு ஜாடியையும் விற்றுத் தீர்த்தாள். இப்போது சூளையில் என்ன சுடுவது என்று அவள்தான் சொல்கிறாள். நான் நெருப்பை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.