பாதிக்கதைக்காரி

எங்கள் தெரு நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அங்கே வருகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் பாதிக்கதைக்காரி. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிறமாதிரி பேசுகிறவள். எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து பழக்கம்.

வந்த புதிதில் வாசலருகே ஒரு சின்ன அலமாரியைத் துடைத்து வைத்தாள். தான் படித்துப் பிடித்துப்போன கதைப் புத்தகங்களாகப் பொறுக்கி அதில் அடுக்கினாள். 'நாங்கள் சிபாரிசு செய்கிறோம்' என்று மேலே ஓர் அட்டையும் ஒட்டினாள். அவ்வளவுதான், ஒரு புத்தகமும் இடத்தைவிட்டு நகரவில்லை. வருகிறவர்கள் செய்தித்தாள் பார்த்தார்கள், பரீட்சைப் புத்தகம் கேட்டார்கள், அந்த அலமாரியை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மேலதிகாரி பார்வையிட வந்தார். அலமாரியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, தூசியை ஊதிவிட்டுச் சொன்னார்:

"இந்த இடத்துல நகல் எடுக்கற மிஷினைப் போட்டுடலாம்மா. இதை யாரும் தொடறதில்லை போலிருக்கே."

"கொஞ்சம் அவகாசம் குடுங்க சார். தொட வைக்கிறேன்."

"அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா, அலமாரி கிடங்குக்குப் போயிடும். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

அன்று சாயங்காலம் அறுந்துபோன கைப்பை வாரைத் தைக்க என்னிடம் வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அக்கா, நீங்க தினம் வந்து பேப்பர் பாக்கறீங்க. அந்த அலமாரியில கை வச்சதே இல்லையே, ஏன்?"

"நல்லா கேட்ட போ! தனியா எடுத்து வச்சிருக்கியே, யாருக்கோ வச்சிருக்கேன்னு நெனச்சேன். ஆண்டவனுக்குன்னு எடுத்து வச்சதை நாம தொடுவோமா?"

"மேல அட்டை எழுதி ஒட்டியிருக்கேனே!"

"சிபாரிசுன்னா பெரிய எடத்து விஷயம்னுல்ல நெனச்சேன். எனக்கு யாரு சிபாரிசு பண்ணப் போறாங்க?"

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒரு தையல்காரி, அக்கா. பஸ்ல போறா. எதிர்சீட்டுல முன்னபின்ன தெரியாத ஒரு ஆள். அவன் போட்டிருக்கற சட்டை இவ தைச்ச சட்டை. காணாமப்போன தம்பிக்குன்னு இவ கையால தைச்சது."

ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டேன். "அய்யய்யோ, அப்புறம்?"

"அப்புறம் புத்தகத்துல இருக்கு."

மறுநாள் கடையைத் திறக்குமுன் நூலக வாசலில் நின்றேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். மெதுவாகத்தான் முடித்தேன், ஆனால் முடித்தேன்.

நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப்போன அன்றைக்கே அவள் அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டாள். வாயால்தான் இனிமேல் என்று ஒரே பிடிவாதம். எந்தக் கதையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை முதலில் வீட்டில்தான் சோதித்துப் பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். பசியோடு வந்து சாப்பிட உட்கார்ந்த மனுஷனிடம் கதையை ஆரம்பிப்பாள். மெல்லுகிற வாய் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்திவிடுவாள். "இவளைக் கட்டிக்கிட்டதுலேருந்து ஒரு வாய் நிம்மதியா எறங்கினதில்லை. எந்தக் கதையாவது முடிஞ்சிருக்கா?" என்று அவர் என்னிடம் வந்து முறையிடுவார். வாய் நிற்காமல் சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போய்விட்டால் அந்தப் புத்தகம் அலமாரிக்கு வராது.

எல்லாரிடமும் இது பலிக்கவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் பாதிக்கதையைக் கேட்டுவிட்டு, "மீதியையும் நீயே சொல்லிடு தாயி, எனக்குக் கண்ணு எரியுது" என்றார். "கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்கண்ணே, நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று அனுப்பிவிட்டாள். கண்ணாடியோடு வந்தார். இன்னொருவர் புத்தகத்தை மேசையில் பொத்தென்று போட்டு, "நீ நிறுத்தின எடத்துக்கு அப்புறம் இதுல ஒண்ணுமே இல்லையேம்மா!" என்று சண்டைக்கு நின்றார். இவள் மறுபடி படித்துப் பார்த்து, "நெசந்தாண்ணே, தப்பு என்மேலதான்" என்று ஒத்துக்கொண்டாள். தோற்ற அன்றைக்கும் சோர்ந்து உட்காரவில்லை. அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போனாள்.

அதிகாரி மறுபடி வந்த அன்று நானும் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரி துடைத்துவிட்டமாதிரி காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் அதன் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா, ஒண்ணுமே இல்லை?"

"எல்லாத்தையும் படிக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க சார்."

"அதான் சொல்றேன். காலி அலமாரிக்கு இவ்வளவு எடம் எதுக்கு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆண்டவனே, இந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்கு இதுதானா கூலி என்று மனசுக்குள் கேட்டேன். அவள் வெறும் அலமாரியைக் கையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அலமாரியை எடுத்துக்கோங்க சார். புத்தகம் திரும்பி வந்ததும் என் மேசையில வச்சுக்கறேன்."

"மேசையில ஏது எடம்?"

"மடியில வச்சுக்கறேன்."

அலமாரி போயிற்று, நகல் மிஷின் வந்தது. இவ்வளவுதான் இனி என்று நான் நினைத்தேன். ஆனால் மிஷின் வந்ததும், இதுவரை நூலகப் படியே ஏறாதவர்கள் எல்லாம் காகிதத்தை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் தங்கள் முறைக்காகச் சும்மா நிற்க வேண்டியிருந்தது. சும்மா நிற்கிறவர்களைப் பார்த்தால் அவள் விடுவாளா?

நேற்றும் பார்த்தேன். லாரி ஓட்டுகிற ஒருவர் உரிமத்தை நகல் எடுக்க வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். இவள் மடியில் இரண்டு புத்தகம்.

"சரிம்மா, என் நகல்?"

"மிஷின் இன்னும் சூடாகலைண்ணே. அதுவரைக்கும் கேளுங்க, அந்தப் பாலத்துக்கு நடுவுல வண்டி நின்னுபோச்சா..."

மிஷின் எப்போதோ சூடாகிவிட்டது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இந்தப் பொய்யை ஆண்டவன் கணக்கில் சேர்க்கமாட்டான்.