எல்லாத்துக்கும் அஞ்சு

சமூக உளவியலில் பி.எச்.டி. பண்றேன் என்று சொன்னால் போதும், "அப்ப என் மனசுல என்ன இருக்குனு சொல்லு பாப்போம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அட, அது தெரிந்தால் நான் ஏன் வெயிலில் அலையப் போகிறேன்?

கிரிவலப் பாதையில் குடியிருப்பவர்கள் முன்பின் தெரியாதவர்களை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. அடி அண்ணாமலையில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பினேன். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் சொல்ல வேண்டும்: ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால் ஒன்று, முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்றால் ஐந்து. இந்த வருஷம் முடிக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் நாயாய் அலைந்தேன்.

தாள்களைப் புரட்டிய என் கைடு கண்ணாடியைக் கழற்றினார். "வெளியூர்க்காரங்கள நம்பலாம்னும் அஞ்சு, நம்பவே கூடாதுனும் அஞ்சு. எல்லாரும் எல்லாத்துக்கும் அஞ்சு. இத வெச்சு என்னம்மா பண்றது?"

மறுநாள் காலை நேராக இளநீர்க்கடை அக்காவிடம் போய் நின்றேன். தெருவில் எல்லாரிடமும் என்னை அழைத்துப் போனது அவர்தான்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"பின்ன? கம்மியா போட்டா உனக்கு மார்க் கொறஞ்சிடாதா? அந்தப் பொண்ணுக்கு அஞ்சே போடுங்கனு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன்."

கடவுளே! திட்டத்தான் போனேன், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னைப் பாஸ் பண்ண வைக்க ஒரு தெருவே சேர்ந்து சதி செய்திருக்கிறது! அவர்கள்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

"இது எனக்குப் போடற மார்க் இல்லக்கா. மனசுல இருக்கறத சொன்னாத்தான் என் படிப்பு முடியும். இல்லனா இத்தோட விட்டுட வேண்டியதுதான்."

அவர் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா? உள்ளத உள்ளபடி சொல்லுங்கனு நானே போய் சொல்லிட்றேன். மொதல்ல என்னக் கேளு." கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

புதுத் தாளை எடுத்தேன். "வெளியூர்க்காரங்கள நம்பலாம்."

"ஒண்ணு. ஒருத்தனையும் நம்ப மாட்டேன்." எழுதப் போனேன். "இரு, இரு. நீ எந்த ஊரு?"

"கீழ்பென்னாத்தூரு அக்கா."

"அப்ப நீயும் வெளியூருதான?"

"ஆமா."

என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.