பெல்ஸ்பார் கல்லில் சாம்பல் படை

கேட்டில் நின்ற கல் லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார் எங்கள் மேனேஜர். விருத்தாசலத்தில் ஒரு சிறிய செராமிக் யூனிட்டில் மூலப்பொருள் சோதனை என் வேலை. வந்திருந்தது பெல்ஸ்பார். அரைத்துக் களிமண்ணோடு சேர்த்தால் சூளையில் உருகிப் பீங்கானை இறுக்கும் கல். அதன் மேல் வட்ட வட்டமாகச் சாம்பல் பொருக்கு.

"சுண்ணாம்பு ஒட்டியிருக்குது. சுட்ட கப்பு பத்து நாள்ல பொரிஞ்சு தெறிக்கும். வேணாம்" என்றார் மேனேஜர்.

கல் கொண்டுவந்த அஞ்சலை திட்டக்குடிக்காரர். ஒரு கேட்டில் திரும்பிய லாரியை இங்கே வேறு எந்த யூனிட்டும் உள்ளே விடாது. அது அவருக்கும் தெரியும்.

"சுண்ணாம்பு இல்லைங்க சார், வெறும் அழுக்கு. இப்ப பாருங்க" என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். பொருக்கு பச்சையாக மாறியது.

"அழுக்கு பச்சையாவுமா? கல்லுக்குப் படை வந்திருக்குது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார் மேனேஜர். லோடுமேன்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

நான் ஆசிட் பாட்டிலை எடுத்துவந்து பொருக்கின் மேல் இரண்டு சொட்டு விட்டேன். சுண்ணாம்பு என்றால் நுரைக்கும். நுரைக்கவில்லை. பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் இனம்தான் இது. இலைபோல எழும்பாமல் பாறையோடு ஒட்டியே வளர்வது. ஈரம் பட்டால் பச்சை தெரியும் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"பாசியா? அப்ப பீங்கான்ல புள்ளி விழுமே?" என்றார் மேனேஜர். நியாயமான கேள்வி.

பட்டன் டெஸ்ட் போட்டுப் பார்க்கலாம் என்றேன். கல்லைப் பொடித்து, பொத்தான் அளவுக்கு அழுத்திச் சுட்டுப் பார்க்கும் சோதனை அது. பொருக்கு மூடிக்கிடந்த கல்லாகத் தேடி எடுத்தேன்.

"லோடுல வேற நல்ல கல்லே இல்லீங்களா உங்களுக்கு?" என்றார் அஞ்சலை.

"மோசமானது தேறிட்டா மத்ததுக்குப் பேச்சே இல்லைங்க."

சுரண்டாமல் அப்படியே அரைத்துச் சோதனைச் சூளையில் வைத்தேன். லாரி கேட்டிலேயே நின்றது. மறுநாள் காலை பட்டன் வெள்ளையாக, கண்ணாடி மினுப்போடு வந்தது. பாசி எரிந்துபோயிருந்தது. மேனேஜர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இறக்கச் சொல்லுங்க. அடுத்த லோடுல இதையெல்லாம் தேய்ச்சுட்டு அனுப்புங்கம்மா."

"எரிஞ்சு போறதை எதுக்குங்க சார் தேய்க்கணும்?"

மேனேஜர் பட்டனை இன்னொரு முறை பார்த்தார். "சரி, தேய்க்க வேணாம்."

அன்று முதல் எங்கள் கேட்டில் ஒரு வழக்கம் வந்தது. கல் வந்தால் முதலில் சுத்தியலால் உடைத்து உள்ளே பார்ப்பது, பிறகு ஆசிட், பிறகு பட்டன். வேண்டாம் என்ற பேச்சு அதற்கும் பிறகுதான்.