காப்பாளருக்குக் கோடு

தேவசகாயம் அண்ணாச்சி காலமான செய்தி பம்பாயில் எங்கள் செம்பூர் அலுவலகத்தின் வாசலுக்கு வந்து, கால்மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தது. தாராவியிலிருந்து பஸ் ஏறிச் செய்தி சொல்ல வந்த அவருடைய மச்சினர், ஆவண அறைக் கதவுக்கு வெளியிலேயே கைகட்டி நின்றிருந்தார். டிஸ்பாட்ச் மேஜையிலிருந்து எழுந்துபோய் நான்தான் விசாரித்தேன்.

“விடியக்காலம் அத்தான் தவறிட்டாவ” என்றவர், கதவைக் காட்டினார். “‘மற்றவர் நுழையலாகாது’ன்னு அவுகளே எழுதிப் போட்டிருக்காவ. எப்படி உள்ள வர?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவுச் செய்திக்குச் சிரித்த பாவி என்று யாரும் ஏசவேண்டாம். அடுத்த நிமிஷம் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமைக்காரர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். எங்கள் கம்பெனியின் ஆவணக் காப்பாளர். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். ஒவ்வொரு ஃபைலின் அட்டையிலும் பத்துக் கட்டங்கள் போட்டு வைப்பார். முதல் கட்டம், அது தனி ஃபைலா, பல ஃபைல்கள் அடங்கிய கட்டா என்பதற்கு. மீதி ஒன்பதும், இடமிருந்து வலமாக, மூன்று மூன்றாகக் காப்பாளருக்கு, அந்தப் பிரிவினருக்கு, மற்றவருக்கு. வாசிக்கலாமா, எழுதலாமா, எடுத்துப் போகலாமா? ஆம் என்றால் டிக், இல்லையென்றால் கோடு. வெகு நேர்த்தியான ஏற்பாடு. ஒரே குறை, அவரைத் தவிர ஒரு ஜீவனுக்கும் அது புரியாது.

புதிதாக வந்த மேனேஜர் தம்முடைய அந்தரங்க ஃபைலை, அதாவது எங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் எழுதிவைத்த குறிப்புகளை, அண்ணாச்சியிடம் ஒப்படைத்தபோது கட்டங்களைத் தாமே நிரப்பிக் கையெழுத்தும் போட்டார். புதுக் குறிப்பு சேர்க்க அவ்வப்போது அதை வரவழைப்பார். பிறகு கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சி லீவில் போயிருந்த நாளில் மேனேஜருக்கு அவசரமாக ஏதோ ஃபைல் தேவைப்பட்டது. கட்டங்களைப் பார்த்து மண்டை காய்ந்தார். அண்ணாச்சி திரும்பியதும், “இது ஃபைலா, ஜாதகமா?” என்று இந்தியில் கத்தினார். “ஒரு மாதம் தருகிறேன். எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதும். இல்லையென்றால் மான்குர்து கிடங்குக்குப் போம்!”

அண்ணாச்சி என் மேஜைக்கு ஓடிவந்தார். “ஐயரே, கிடங்குல வெறும் சாக்குல்லா கெடக்கு! சாக்குல நான் என்னத்த எழுத?” என்று என்னிடம் புலம்பினார்.

ஒரு மாதம் மனிதர் நிமிரவில்லை. கட்டங்களையெல்லாம் வாக்கியங்களாக்கினார், மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். “இது ஃபைல். காப்பாளர் வாசிக்கலாம், எழுதலாம். பிரிவினர் வாசிக்கலாம். மற்றவர் தொடலாகாது.” எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. குடை, கதவு, நாற்காலி, எதையும் விடவில்லை. அவருடைய சாப்பாட்டு டப்பாவில் இப்படி இருந்தது: “இது டப்பா. உடையவர் உண்ணலாம். பிரிவினர் முகரலாம். மற்றவர் விலகுக.” டிஸ்பாட்ச் எந்த வகை என்று கேட்டேன். “நீங்க முகரலாம்” என்றார். கருவாட்டுக் குழம்பு! மரக்கறி தவிர வேறு தொடாத மாட்டுங்கா ஆசாமிக்கு இப்படியொரு சலுகை.

இருபத்தைந்தாம் நாள் குண்டு வெடித்தது. மேனேஜரின் அந்தரங்க ஃபைல் அட்டையில், எழுத்துக்கு எழுத்து அவர் போட்ட டிக்கின்படியே, அண்ணாச்சி எழுதியிருந்தார்: “காப்பாளர் வாசிக்கலாகாது. பிரிவினர் வாசிக்கலாகாது. மற்றவர் வாசிக்கலாம்.”

விஷயம் இதுதான். ஆபீஸ் கடிதத்தில் பெரியவர் கையெழுத்து வலது கோடியில்தானே வரும்? அந்தப் பழக்கத்தில், வலது கோடிக் கட்டங்கள் தமக்குத்தான் என்று மேனேஜர் நினைத்துவிட்டார். இத்தனை மாதமாக அந்த ஃபைல் ஊருக்கே திறந்து கிடந்திருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

அரைமணி நேரத்தில் ஆவண அறைக்கு வெளியே வரிசை நின்றது. அண்ணாச்சி ஃபைலைக் கதவருகே ஸ்டூலில் வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “வரிசையா வாங்க. வாசிக்க மட்டுந்தான். பென்சில் கொண்டாராதிய.” என்னைப் பற்றி, ‘மதியத்துக்குமேல் தூங்குகிறார்’ என்று இருந்தது. அபாண்டம் என்று சொல்ல முடியாது.

பக்கத்தைப் புரட்டினேன். அண்ணாச்சியைப் பற்றியும் இருந்தது. “ஓய் அண்ணாச்சி, உம்மைப் பத்தியும் எழுதியிருக்கு. வந்து பாரும்!”

“எனக்குக் கோடு.”

“மத்தவா எல்லாரும் படிக்கலாம்னு போட்டிருக்கே!”

“நான் மத்தவன் இல்லயே ஐயரே. காப்பாளன்லா?”

“சரி, நான் படிக்கிறேன், கேளும்.” அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “காதால கேட்டாலும் வாசிச்ச கணக்குதான்!”

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். வரிசை சிதறி ஓடியது. அண்ணாச்சி ஓடவில்லை, மேனேஜர் கையெழுத்துப் போட்ட கட்டங்களை அவரிடமே காட்டினார். மேனேஜர் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மற்றவருக்கும் கோடு போட்டார். ஃபைலை அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மாற்றல் உத்தரவு வரவில்லை. ஆனால் வந்துவிடும் என்ற பயம் அண்ணாச்சியை விடவே இல்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும், “இந்த மாசம் மான்குர்துதான் ஐயரே” என்பார். அந்த ஃபைலைப் படித்த எனக்கு விடை தெரியும். சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொள்வார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருநாள் அவர் கையைப் பிடித்து இழுத்தேகூடப் பார்த்தேன். அழுத்தக்காரர். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று.

அன்று செய்தி கேட்டதும் மேனேஜர் அந்த ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். காப்பாளருக்கான முதல் கோட்டை அடித்து, சிவப்புப் பென்சிலால் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். “எடுத்துக்கொண்டு போம். அவருக்குப் படித்துக் காட்டும்” என்றார்.

தாராவியில் அவர் வீட்டு நடுவில் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையுடன் படுத்திருந்தார். இப்போது காதைப் பொத்த அவரால் முடியாது. அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்து டிக்கைக் காட்டினேன். பிறகு குனிந்து, எனக்கு மனப்பாடமான அந்த வரிகளைப் படித்தேன்: “இவரைப்போல் நம்பத்தக்கவர் இங்கு வேறு யாரும் இல்லை. மான்குர்து என்று நான் சொன்னது மிரட்டலுக்கு மட்டுமே. இவரை ஒருபோதும் மாற்றக்கூடாது.”

நிமிர்ந்தபோது கட்டிலடியில் ஒரு படுக்கைச் சுருள் கண்ணில் பட்டது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். மேலே சிவப்புப் பென்சில்: “இது படுக்கை. உத்தரவு வந்ததும் எடுக்கலாம்.”

எங்கும் போகவேண்டாம் அண்ணாச்சி. நிம்மதியாகத் தூங்குங்கள். அந்த முடிச்சை நானே உட்கார்ந்து அவிழ்த்தேன்.