வசனமில்லாத மருமகள்

சின்ன மருமகள் வீட்டைவிட்டுப் போனது, சபைப் பெண்கள் நாடகம் போட்ட ஞாயிற்றுக்கிழமை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் போனாள். யாரும் தடுக்கவில்லை, கைதட்டினார்கள்.

நாடகம், ரூத்தின் கதை. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த நகோமி சொந்த ஊருக்குக் கிளம்புகிறாள். அந்நிய தேசத்து மருமகள்களில் ரூத், கூடவே வருவேன் என்று ஒட்டிக்கொள்கிறாள். இன்னொரு மருமகள் ஓர்பாள் அழுது, முத்தமிட்டு, தன் அம்மா வீட்டுக்குத் திரும்புகிறாள். அதற்குப் பிறகு வேதத்தில் அவள் பேச்சே கிடையாது.

நகோமியாக நடித்தது ரொட்டிக்கடை முதலாளியம்மா. ரூத், அவருடைய மூத்த மருமகள். சின்னவளுக்கு ஓர்பாள்.

"உனக்கு எங்க பாஷை நாக்குல புரளாது. வசனமில்லாத வேஷம்தான் லாயக்கு" என்றார் மாமியார்.

சின்னவள் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. கல்யாணமான மறுநாளே, கூப்பிட வசதியாக அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். புருஷன் செத்துப்போன பிறகும் அந்தப் பெயரும் மாவு பிசையும் வேலையும் அவளை விட்டுப் போகவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டபோதெல்லாம், "இங்க உனக்கு என்ன குறை?" என்று மாமியார் அடுத்த மாவுத் தட்டை நீட்டுவார்.

ஒத்திகையில் அவள் போதகரிடம் கேட்டாள்: "ஐயா, ஓர்பாள் பத்திரமா வீடு போய்ச் சேந்தாளா?"

"அது எழுதலம்மா. தன் சாமிகளைத் தேடிப் போனவ. நமக்கு அவ முக்கியமில்ல."

"நகோமியும் சொந்த ஊருக்குத்தானே ஐயா போறாங்க? அவங்க போனா நல்லது, இவ போனா தப்பா?"

போதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஓரகத்தி சிரித்தாள். "வசனமே இல்லாதவளுக்கு எவ்வளவு வாய் பாருங்க!"

"நீ பேசுறது மனப்பாடம்க்கா. நான் கேக்குறது சந்தேகம்."

ஞாயிறன்று மேடையில் அழுதாள். மாமியாரின் கன்னத்தில் முத்தமிட்டாள். ஒத்திகையில் ஒப்புக்கு இருந்தது அன்று கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. "சீக்கிரம் போடி, ரூத் காத்துட்டிருக்கா" என்று நகோமி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

இதைவிடத் தெளிவாக யாரும் அவளுக்கு விடை கொடுத்ததில்லை. பக்கவாட்டுக் கதவு, அதன் பின்னால் ஒளித்துவைத்த பை, பேருந்து. தலையில் முக்காடாகப் போட்டிருந்த சபை ஜன்னல் திரையை எல்லை தாண்டிய பிறகுதான் கவனித்தாள்.

அம்மா அவளைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகே திரும்பினாள். சலவைக்கடையில் வேலை கிடைத்தது. வாடிக்கைக்காரர்களோடு தாய்மொழியில் சண்டை போட்டாள். அது நாக்கில் நன்றாகவே புரண்டது. திரையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பார்சலில் அனுப்பினாள். பதில் வரவில்லை. ஓர்பாளைப் போலவே அவள் பேச்சும் அங்கே அதோடு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம், இஸ்திரிப்பெட்டி சூடேறிக்கொண்டிருந்தபோது மாமியாரின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"இந்த வருஷமும் நகோமி நான்தான். ஓர்பாள் போற இடம் வந்ததும் வசனம் மறந்துபோச்சு. நீ பத்திரமா வீடு போய்ச் சேந்தியாம்மா?"