கடைசி வார்த்தையை விழுங்குறவ

என் தங்கச்சி பத்து வருஷத்துக்கு மேல மேடையில பாடினவ. ஆனா ஒரு வரியைக்கூட முழுசாப் பாடினதில்ல. சொன்னா நம்ப மாட்டீங்க. நாலு பொண்ணுங்க சேர்ந்து பாடுற பாப் குழு அது. ஒருத்தி மூச்சு வாங்கும்போது மத்த மூணு பேரும் இழுத்துப் பிடிப்பாங்க. இவ மூச்சு வாங்குற இடம், ஒவ்வொரு வரியோட கடைசி வார்த்தை. கேக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

வீட்டுலயும் அதே கதைதான். "அக்கா, எனக்கு ஒரு டீ..."ம்பா. "போட்டுத் தர்றேன்"னு நான் முடிப்பேன். நான் வாயாடி, தையல் கடைக்காரி வேற. எதையும் அரைகுறையா விட்டா எனக்குத் தூக்கம் வராது.

அப்படிப்பட்டவ திடீர்னு குழுவை விட்டு வந்துட்டா. தனியாப் பாடப் போறாளாம். குழுத் தலைவி கோவிச்சுக்கக்கூட இல்ல. "ஒரு நிகழ்ச்சி பண்ணிப் பாரு. சரிப்படலன்னா வந்துடு, உன் இடம் காலியாத்தான் இருக்கும்"னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்ல. ஒரு தடவை திரும்பிப் போனா, இவ ஆயுசுக்கும் அங்கதான்.

முதல் பாட்டைப் பதிவு பண்ணப் போனோம். பாடி முடிச்சதும் ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, "நல்லா இருக்கு மேடம். மீதியை யாரு பாடுறாங்க?"ன்னாரு. போட்டுக் கேட்டோம். ஒரு வரிகூட முடியல. இவ முகம் தொங்கிப் போச்சு.

"முழுசாப் பாடிட்டேன்னுல்ல நான்..."

"நெனச்ச"ன்னேன்.

அன்னையிலேர்ந்து என் கடையே கதி. ஞாயித்துக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, துணி போட்டுப் பாக்குற மறைப்புக்குள்ள நின்னு பாடுவா. நான் பேன்ட் ஓரத்தை மடிச்சு குண்டூசி குத்திக்கிட்டிருப்பேன். கடைசி வார்த்தை வந்தா என் வாய் தானாத் தொறக்கும். ஒரு நாள் திரையை விலக்கி, "அக்கா, நீ கொஞ்சம்..."ன்னா.

"வாயை மூடணும், அதானே?"

அதையும் நான்தான் முடிச்சேன், பாருங்க. அதுக்கப்புறம் அவ பாடும்போதெல்லாம் குண்டூசியை உதட்டுல கவ்விக்கிட்டேன்.

நிகழ்ச்சி அன்னைக்கும் அப்படித்தான் போய் முன்வரிசையில உக்காந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என் வாயைப் பாத்துட்டு தள்ளி உக்காந்துக்கிட்டாரு. முதல் வரி முடியப்போற நேரம், அவ தோள் ஏறுச்சு. போச்சுடா, மூச்சு வாங்கப் போறான்னு எனக்கு உயிரே போயிருச்சு. வாங்கினா. அத்தனை பேரு பாக்க, நின்னு நிதானமா வாங்கிட்டு, அப்புறம் அந்த வார்த்தையைப் பாடினா. அப்பாடா! அடுத்த வரியும் அப்படியே. அதுதான் இவ பாணி போலன்னு ஜனங்க நெனச்சுக்கிட்டாங்க.

நிகழ்ச்சி முடிஞ்சு நான் மேடைக்குப் பின்னாடி போனா, குழுத் தலைவி போன்ல. இவ ஸ்பீக்கர்ல போட்டா.

"எல்லாம் முடிஞ்சுதா? எப்ப வர்றே?"

"நான் இனிமே அங்க..."

நிறுத்திட்டு என்னைப் பாத்தா. என் வாயில இன்னும் குண்டூசி. எடுக்கப் போன கையைக் கஷ்டப்பட்டு இறக்கிக்கிட்டேன். அவ ஒரு மூச்சு இழுத்தா.

"வரமாட்டேன்க்கா. வேற ஆளைப் பாத்துக்குங்க."

போனை வச்சுட்டு என் பக்கம் திரும்பினா. "அக்கா, எனக்கு ஒரு டீ வாங்கிக் குடு."

குண்டூசியை எடுத்துப் பையில போட்டேன். முடிச்சு வைக்க எனக்கு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கல அவ. சந்தோஷமாப் போய் டீ வாங்கிட்டு வந்தேன்.