பச்சையில் வைத்து எடுத்த தீபம்

எங்கள் வீட்டில் கேமராப் பையைத் திறந்தால் நல்லெண்ணெய் வாசம் வரும். சிரிக்காதீர்கள். போன வாரம் தூசி தட்ட எடுத்தபோதும் அதே வாசம்தான். கழுத்தில் மாட்டும் பட்டையில் என் விரல்கள் பதிந்த எண்ணெய்க் கறை இத்தனை வருடமாகியும் போகவில்லை. நானும் போக்கவில்லை.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துபாயிலிருந்து வந்த மாமா கொடுத்த கேமரா அது. சின்னக் குழந்தை கனம் கனக்கும். அதன் தலையில் திருகுகிற வட்டத்தில் ஏகப்பட்ட எழுத்துகள். எனக்குப் பழக்கமானது ஒன்றுதான், எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்கிற, பச்சை நிறத்தில் இருந்த ஆட்டோ. அடுப்படிப் பூனை, அலுவலகத்துப் பிரிவு உபசாரம், அடி அண்ணாமலையில் மழை நின்ற பிறகு மலை, எல்லாமே பச்சையில்தான்.

தம்பி முரளிக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் பின்னாலேயே சுற்றி ஷட்டர், அப்பர்ச்சர் என்று கற்றுக்கொண்டு வந்தவன் அவன்.

“இவ்ளோ பெரிய கேமராவ வெச்சிக்கினு ஆட்டோல எடுக்கறியே, வெக்கமா இல்ல?” என்பான்.

எனக்கு வெட்கமே இல்லை. குக்கருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டா சோறு சாப்பிடுகிறோம்?

அம்மா வேறு ரகம். கேமராவைக் கண்டாலே முகம் ரேஷன் கார்டுப் படமாகிவிடும். சிரித்த முகமாக அவளுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அப்படிப்பட்டவள் அந்த வருடக் கார்த்திகை தீபத்தன்று தானாகவே கேட்டாள். எதிர் மனையில் செங்கல்லும் கம்பியும் வந்து இறங்கியிருந்தன.

“அடுத்த வருசம் இங்கேர்ந்து மலை தெரியாது. தீபமும் நானும் ஒரே படத்துல வரணும். கெடுத்துடாதீங்க.”

“உன் பச்சைய நம்பி இத உட முடியாதுக்கா” என்று முரளி கேமராவைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

எங்கள் ஊரில் மலையில் தீபம் ஏறிய பிறகுதான் வீட்டில் விளக்கு. மாலை இருட்டத் தொடங்கும் நேரம். மொட்டை மாடிச் சுவரில் அகல்களை வரிசையாக வைத்து நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். தீபம் பார்க்கும் வரை பச்சைத் தண்ணீர் குடிக்காத அம்மா தீப்பெட்டியோடு நின்றாள். முரளி ஏதோ திருகினான், பார்த்தான், மறுபடி திருகினான்.

உச்சியில் பொட்டாக வெளிச்சம். ஊரே “அரோகரா!” என்று எழுந்தது.

முரளி என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இந்த ஊரில் பிறந்தவன், கை தானாக எழும்பிவிட்டது. கேமரா அவன் நெஞ்சில் அநாதையாகத் தொங்கியது. அம்மா முதல் அகலை ஏற்றிக் கையில் எடுத்துவிட்டாள். எண்ணெய்க் கையோடு பட்டையைப் பிடித்து இழுத்தேன். முரளியின் கழுத்தும் கூடவே வந்தது. வட்டத்தைப் பச்சைக்குத் திருப்பிப் பொத்தானில் விரலை வைத்தேன். டக்கென்று கேமராவின் மண்டையிலிருந்து ஃபிளாஷ் எழும்பியது.

“இன்னாடி இது, தவள மாதிரி தலையத் தூக்குது!” அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அழுத்திவிட்டேன்.

“ஐயோ, ஃபிளாஷ் போட்டுட்டியா! தீபம் எங்கக்கா தெரியப் போவுது?” என்று முரளி கத்தினான்.

தெரிந்தது. அம்மா பல் தெரியச் சிரிக்கிறாள். கையில் அகல். பின்னால் கருநீல வானம், மலை, அதன் உச்சியில் குங்குமப்பொட்டு அளவுக்குத் தீபம். நான் மாடியிலேயே குதித்தேன். முரளி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதையே நான் எடுத்திருந்தா...” என்று ஆரம்பித்தான். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியது அவன்தான்.

இப்போது எதிரில் நான்கு மாடி. மலை இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய சமையலறை ஜன்னலும் துணிக்கொடியும். இந்த வருடத் தீபத்தன்றும் “அரோகரா” கேட்டது. மாடிக்கு யாரும் ஏறவில்லை. அம்மா கூடத்தில் அந்தப் படத்துக்கு நேராக நின்று கையை உயர்த்திக் கும்பிட்டு, அதன் அடியிலேயே முதல் அகலை ஏற்றினாள். படம் எடுத்த அன்றைக்குக் கும்பிட எனக்குக் கை ஒழியவில்லை. இந்த முறை, நான் எடுத்த தீபத்தை நானும் கும்பிட்டேன்.